டிஷ்யூ அக்கா சொன்ன சாட்சி

அந்த மதுக்கூடத்தில் வேலைக்குச் சேரும்வரை அவளுக்கு அருவருப்பு என்றால் என்னவென்றே தெரியாது. சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நிஜம். அதற்கு முன்பு அவள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். வாந்தி, மூத்திரம், சீழ், ரத்தம் என்று மனித உடம்பு எதையெல்லாம் வெளியே தள்ளுமோ அத்தனையையும் ஒரு வாளியும் துணியுமாக அள்ளிப் போட்டவள். ஒரு நாளும் மூக்கைச் சுளித்ததில்லை. "முடியாம கிடக்கறவங்க என்ன செய்வாங்க, பாவம்" என்பாள். கையைக் கழுவிக்கொண்டு அடுத்த நிமிடமே உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுவாள்.

ஆஸ்பத்திரி கைமாறியது. புதிதாக வந்தவர்கள் இளவட்டமாகப் பார்த்து ஆள் எடுத்தார்கள். ஐம்பதைத் தொடப்போகிறவள் என்று அவளைக் கழற்றிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. கணவர் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர். "கொஞ்ச நாள் ஓய்வா இரேன்" என்றுதான் முதலில் சொன்னார். அவள் பாத்திரங்களைத் தேய்த்த தேய்ப்பில் ஓட்டை விழுந்துவிடும்போல இருக்கவே, "எங்கயாவது வேலை இருந்தா போ தாயே, வீட்டுல இனிமே தேய்க்கறதுக்கு நான் மட்டும்தான் பாக்கி" என்று அவரே கும்பிடும்படி ஆயிற்று.

வேலை பிடித்துக் கொடுத்தவன் தம்பி. அவளைவிட மிகவும் இளையவன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தவன். நகரத்தின் பணக்காரப் பகுதியில், மதுக்கூடங்களும் நடன அரங்குகளும் வரிசைகட்டி நிற்கும் தெருவில், இருப்பதிலேயே பகட்டான இடத்தின் வாசலில் நின்றான். வருகிறவர்களின் காரை வாங்கிக் கொண்டுபோய் நிறுத்துவது, கிளம்பும்போது கொண்டுவந்து சாவியை நீட்டுவது, அதுதான் அவன் வேலை. சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பான். மேனேஜரிடம் சொல்லி, பெண்கள் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அக்காவுக்கு வாங்கிவிட்டான்.

அந்தக் கழிப்பறை அவள் வீட்டைவிடப் பெரியது. தரையெல்லாம் பளிங்கு, சுவரெல்லாம் கண்ணாடி. கை துடைக்கச் சின்னச் சின்னத் துண்டுகளைச் சுருட்டி அடுக்க வேண்டும், வாசனைப் புட்டிகளை நேராக வைக்க வேண்டும், ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டிஷ்யூ காகிதம் எடுத்துக் கொடுக்க வேண்டும். சீக்கிரமே அவளுக்கு டிஷ்யூ அக்கா என்று பெயர் வந்துவிட்டது.

முதல் சில நாட்கள் வேடிக்கையாகத்தான் இருந்தது. உள்ளே வரும்போது விறைப்பாக வருகிறவர்கள், இரண்டாம் தடவை வரும்போது குழைவார்கள். மூன்றாம் தடவை அவள் தோளில் சாய்ந்து அழுவார்கள். "அக்கா, நீங்கதான் எனக்கு அம்மா மாதிரி" என்பார்கள். குனிந்து வாந்தி எடுக்கும்போது அவள்தான் கூந்தலைப் பிடித்துக்கொள்வாள், நெற்றியைத் தாங்குவாள், முகத்தைத் துடைத்துவிடுவாள். அடுத்த வாரம் அதே பெண் அதே கண்ணாடி முன் நின்று, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏய், சோப்பு தீந்துபோச்சு, கண்ணு தெரியல?" என்பாள்.

அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகக் குமட்டியது. வாந்தியின் வாடைக்கு இல்லை; அது அவளுக்குப் பழகியதுதான். ஆஸ்பத்திரியில் உடம்பு கேட்காமல் வாந்தி எடுத்தார்கள். இங்கே காசு கொடுத்து வாந்தி வாங்குகிறார்கள். வாங்கியதை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்குப் போனதும் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கணவர், "உன் யூனிஃபார்ம மட்டும் என் கடைக்குக் கொண்டுவந்துடாத, இஸ்திரி போடறவனுக்கே போதை ஏறிடும்" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் தட்டில் பாதி அப்படியே இருக்கும்.

அங்கே அவளுக்கு ஒட்டிய ஒரே ஜீவன் ரேடியோ. கோப்பைகள் கழுவுகிறவள், முப்பது வயதுக்காரி. வாய் ஓயாது. கழுவும்போது பேசுவாள், துடைக்கும்போது பேசுவாள். பேச ஆள் இல்லாவிட்டால் கோப்பைகளிடம் பேசுவாள். "இந்த உதட்டுச் சாயம் போகவே மாட்டேங்குதுக்கா, எந்த மகராசி பூசினாளோ, வீட்டுச் சுவத்துக்கு அடிக்கறத எடுத்துப் பூசியிருக்கா" என்று கழிப்பறை வாசலில் வந்து நின்று ஒரு பாட்டம் பேசிவிட்டு ஓடுவாள். கணவன் விட்டுப் போனவள். ஒரு பெண் குழந்தை; அதை அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டாள். பேச்சில் ஒரு நாளும் அந்தச் சோகம் எட்டிப் பார்த்ததில்லை.

வேலை முடிந்தால் இருவரும் சேர்ந்தே பஸ்ஸுக்குப் போவார்கள். பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி இருந்தது. போவது என்றால் அதுவே ஒரு பெரும்பாடு. தெருவின் இரண்டு பக்கமும் நல்ல அகலமான நடைபாதை உண்டு. பளபளவென்று கல் பதித்து, நிழலுக்கு மரம் நட்டு, உட்கார பெஞ்சு போட்டிருந்தார்கள். பார்த்தால் நடக்க ஆசையாக இருக்கும், நடக்கத்தான் முடியாது. முதலில் மதுக்கூடத்தின் பூந்தொட்டிகள், அப்புறம் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கட்டிய வெல்வெட் கயிறு, அதைத் தாண்டினால் கார். காருக்குப் பின்னால் கார். கட்டடத்தின் அடியில் இருந்த நிறுத்துமிடம் எப்போதோ சரக்கறையாகிவிட்டதால், வருகிற வண்டியை எல்லாம் தம்பியும் அவனுடைய ஆட்களும் நடைபாதையில்தான் ஏற்றிவைப்பார்கள். கல் பதித்த பாதை காருக்கு, தார் ரோடு மனுஷனுக்கு என்று ஆகிவிட்டது. ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு போட்டிருந்த இடம் சரியாக மதுக்கூடத்தின் வாசலுக்கு நேரே இருந்தது. இறங்குவதற்கு வசதி என்று அதன் மேல் எப்போதும் ஒரு வண்டி நின்றுகொண்டிருக்கும்.

"டேய், அந்தக் கோடு போட்ட இடத்தையாவது விட்டு வையேண்டா. ஜனங்க எங்க போவாங்க?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள்.

"வேற எங்க நிறுத்தச் சொல்றே? என் தலைமேலயா?" என்றான் தம்பி. "நடந்து வர்றவங்க யாருக்கா இங்க? எல்லாரும் கார்ல வர்றாங்க, கார்ல போறாங்க."

"நான் நடக்கறேனே."

"நீ பாத்து நட."

அவ்வளவுதான் பதில். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தெருவில் நடக்கிறவர்கள் எல்லாருமே அங்கே வேலை செய்கிறவர்கள்.

இரவு வியாபாரம் போதாதென்று நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்திலிருந்தே கொண்டாட்டத்தை ஆரம்பித்தது. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்டார்கள். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும். உள்ளே நடு ராத்திரி. குடித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் வெளிச்சத்தில் கண் கூசி, திருடனைப் பார்ப்பதுபோலச் சூரியனைப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது.

வெள்ளிச் செருப்பு போட்ட ஒரு பெண் அடிக்கடி வருவாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அப்பா கட்டடங்கள் கட்டி விற்கும் பெரிய முதலாளி. கெட்டவள் என்று சொல்ல முடியாது. அழும்போது உண்மையாகவே அழுவாள். அன்று தோழி ஒருத்தியின் பிறந்த நாள். மத்தியானம் வந்தவள் சாயங்காலத்துக்குள் மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடிவந்துவிட்டாள். கடைசித் தடவை தொட்டிவரை போக முடியவில்லை. டிஷ்யூ அக்கா கை நீட்டித் தாங்கினாள். அந்தக் கையிலேயே வாந்தி எடுத்தாள். டிஷ்யூ அக்கா அவள் முகத்தைக் கழுவிவிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"கண்ணு, வீட்டுக்குப் போயிடு. வண்டி மட்டும் ஓட்டாத."

"டிரைவர் இருக்கார்க்கா. நீங்க ரொம்ப நல்லவங்கக்கா. உங்கள மாதிரி யாருமே இல்லக்கா." கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி போனாள்.

ரேடியோ தலையை நீட்டினாள். "நான் முன்னால போறேன்க்கா. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு அம்மா போன் பண்ணிட்டே இருக்காங்க. நாளைக்குப் பேசறேன், நிறைய இருக்கு."

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு மேலயா?"

"இதெல்லாம் தலைப்புச் செய்திக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கையைக் கழுவி, தரையைத் துடைத்துவிட்டு, டிஷ்யூ அக்காவும் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் சந்து வழியாகத் தெருவுக்கு வந்தாள். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. மதுக்கூட வாசலில் தம்பி ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். வெள்ளிச் செருப்புக்காரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சாவிக்காகக் கை நீட்டினாள். பக்கத்தில் டிரைவர் என்று யாரும் இல்லை.

"டேய், குடுக்காதடா!" என்று இவள் கத்தினாள். தம்பி திரும்பிப் பார்த்தான். பார்த்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு, குனிந்து, சாவியை அந்தக் கையில் வைத்தான்.

கார் நடைபாதையிலிருந்து தடாலென்று ரோட்டில் இறங்கியது. நிறுத்தியிருந்த கார்களை ஒட்டி, ரோட்டு ஓரமாக, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள் ரேடியோ. அவள் போவதற்கு வேறு இடம் இல்லை. ஒதுங்கவும் இடமில்லை, பக்கத்தில் காரின் சுவர். டிஷ்யூ அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் அவளை மோதித் தள்ளியது.

வெள்ளைக் கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. அந்தப் பெண் இறங்கினாள், பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள், ஏறினாள், போய்விட்டாள்.

டிஷ்யூ அக்கா ஓடினாள். ரேடியோவின் வலது கால் இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் கை தானாக வேலை செய்தது; காலை அசையாமல் பிடித்து, பையிலிருந்த துண்டால் ரத்தத்தை அழுத்தினாள். நிமிர்ந்து பார்த்தபோது சுற்றிலும் ஆட்கள். கையில் கோப்பையோடு வந்திருந்தார்கள். போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவன் ரத்தம் தன் செருப்பில் படாமல் காலைத் தூக்கித் தாண்டி, இன்னும் நல்ல கோணத்துக்குப் போனான். உள்ளே பாட்டு நிற்கவில்லை.

மேனேஜர் வந்தார். ரேடியோவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மார்பில் மதுக்கூடத்தின் பெயர் போட்டிருந்த ஏப்ரனைப் பார்த்தார். "அத அவுத்துடு" என்று ஒரு பணியாளிடம் சொன்னார். "எல்லாரும் படம் எடுக்கறாங்க."

"கைய வைச்சீங்கன்னா பாத்துக்கங்க!" டிஷ்யூ அக்காவுக்குத் தன் குரலே அடையாளம் தெரியவில்லை. "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க மொதல்ல."

"நம்ம வாசல்ல நடக்கல, ரோட்டுலதான் நடந்துது" என்று மேனேஜர் யாரிடமோ சொன்னார். கேட்காமலேயே சொன்னார்.

மறுநாளே எல்லாம் ஒழுங்காகிவிட்டது. கட்டட முதலாளி வீட்டு டிரைவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வண்டி ஓட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள், பயத்தில் நிற்காமல் போய்விட்டேன் என்றாராம். சாவியை டிரைவர் கையில்தான் கொடுத்தேன் என்று தம்பி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அதைக் கேட்டபோது வெள்ளைக் கையுறை போட்ட அந்தக் கை அவள் கண்முன் வந்தது. தான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளையின் கை.

தம்பியும் அவன் மனைவியும் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார்கள். தம்பி உட்காரவில்லை. மனைவிக்கு அது ஏழாம் மாதம், அவள்தான் பேசினாள்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியாதது இல்ல. குடிச்சவங்க கையில சாவி குடுத்தது தெரிஞ்சா இவரைத்தான் மொதல்ல புடிப்பாங்களாம். மேனேஜர் சொல்லிட்டார். நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். கேட்டா, பாக்கலன்னு சொல்லுங்க, போதும்."

"பாக்கலன்னா அது பொய் இல்லையாம்மா?"

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்கள எதிர்த்துக்கிட்டு நான் என்ன செய்யணும்னு சொல்றே? சாவி குடுக்கலன்னா அன்னிக்கே வேலை போயிருக்கும். அவங்க வண்டி, அவங்க சாவி. நான் யாரு?"

"அவ நடந்த எடத்த நீ வண்டி போட்டு அடைச்சு வைச்சே. அப்புறம் அந்தப் பொண்ணு கையில சாவியக் குடுத்தே. நான் கத்தினது உனக்குக் கேட்டுதா இல்லையா, அத மட்டும் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேக்கல" என்றான்.

மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் மைத்துனனைப் பார்த்து, "பொய் சொல்லும்போதாவது அக்கா முகத்தப் பாத்துச் சொல்லுடா" என்றார். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கொண்டுவந்து வைத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாரையும்விட அவள்மேலேயே அவளுக்குக் கசப்பாக இருந்தது. அந்த நடைபாதையில் கார் நின்றது, கோட்டை மறைத்தது, ரோட்டில் நடந்தது, எல்லாம் தினமும் தெரிந்ததுதான். ஒரு நாள் கேட்டாள், 'பாத்து நட' என்றான், பார்த்து நடந்தாள். அவ்வளவுதானே? பார்த்து நடந்துதானே ரேடியோவும் போனாள்?

ஆஸ்பத்திரியில் ரேடியோ பேசவில்லை. காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். டிஷ்யூ அக்கா முன்பு வேலை பார்த்த இடம் அது; பழைய ஸ்நேகத்தில் ஆயாக்கள் அவளைப் பார்வை நேரத்துக்குப் பிறகும் உட்கார விட்டார்கள். இவள் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள்: பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அம்மா வந்துகொண்டிருக்கிறாள். ரேடியோ கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்த வாய் மூடியிருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"யாருக்கா ஓட்டினா? நான் பாக்கவே இல்ல. பின்னாலேர்ந்து வந்துது."

"குறுக்கே வந்தேன்னு எழுதியிருக்காங்க."

"குறுக்கேயா? ஓரமாதானேக்கா போயிட்டிருந்தேன்." கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் ஓடியது. "யாரு?"

டிஷ்யூ அக்கா சொன்னாள். சாவி கொடுத்தது யார் என்பதையும் சேர்த்தே சொன்னாள். ரேடியோ தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"உங்க தம்பியாச்சே."

"ஆமா."

"அப்போ நான் எதுவும் கேக்க மாட்டேன்க்கா."

டிஷ்யூ அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தால்கூடத் தள்ளிப் போட்டிருப்பாளோ என்னவோ. நேரே எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தார். எதிரே கட்டட முதலாளியின் வக்கீல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு, நரைத்த மீசையோடு டிரைவர். தம்பியையும் வேறு ஏதோ கையெழுத்துக்காக வரச் சொல்லியிருந்தார்கள்போல. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

அவள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள்.

வக்கீல் சிரித்தார். "அவங்க குடிச்சிருந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க என்ன டாக்டரா?"

"என் கண்ணு முன்னாலதாங்க வாந்தி எடுத்தாங்க. மூணு தடவை. கடைசித் தடவை என் கையிலயே. கழுவின ஈரம் காயறதுக்குள்ள வண்டி எடுத்தாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "என்னப்பா, அக்கா இப்படிச் சொல்றாங்களே?"

தம்பி அதிகாரியை மட்டும் பார்த்துப் பேசினான். "அக்காவுக்கு வயசாயிடுச்சு மேடம். தூரத்துல இருக்கறது சரியாத் தெரியாது. வேலை போயிடுமோன்னு கொஞ்ச நாளா மனசும் சரியில்ல."

இத்தனை வருடங்களில் அவள் அள்ளிய அசிங்கம் எதுவும் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வராது. அவள் அவனைத் திட்டவில்லை. அதிகாரியிடம், "எதிர்க் கட்டடத்துல கேமரா இருக்குதுங்க. யாரும் இதுவரைக்கும் போய்க் கேக்கலன்னு அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் சொன்னார். நீங்க கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டாள்.

எழுத்தில் ஒன்று வந்துவிட்ட பிறகு போலீஸால் போய்க் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேமராவில் எல்லாம் இருந்தது: வெறுங்கால், சாவி, இறங்கிய கார், ஓரமாகப் போன ரேடியோ. கையை ஆட்டிக் கத்திக்கொண்டு ஓடிவரும் டிஷ்யூ அக்காவும் இருந்தாள்.

ஸ்டேஷனுக்கு வெளியே, விடுவிக்கப்பட்ட டிரைவரை அவள் இன்னொரு நாள் பார்த்தாள். நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் அப்படி வருவார் என்றும் நினைக்கவில்லை.

"உன்ன யாரும்மா கூப்பிட்டா? நான் உள்ள போனா என் பசங்க படிப்ப அவங்க பாத்துக்கறதாச் சொல்லியிருந்தாங்க. இப்ப வேலையும் போச்சு, அதுவும் போச்சு. பெரிய உத்தமி வந்துட்டா."

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன் பழியைச் சுமக்க ஒரு ஆளை விலைக்கு வாங்கலாம் என்று ஒரு வீட்டில், ஒரு மேஜையைச் சுற்றி, சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்திருப்பார்களே, அந்த மேஜைதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். "கழிப்பறைல நடக்கறதெல்லாம் நம்ம கஸ்டமரோட அந்தரங்கம். அதப் போய் வெளியில சொல்லிட்டீங்களே. உங்கள எப்படி நம்பறது?" என்றார். உண்மையாகவே வருத்தப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். வேலை போயிற்று. அன்று வீட்டுக்கு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு, தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டாள். கணவர் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டார்.

வழக்கு இழுத்தடித்தது. கடைசியில் அந்தப் பெண்ணின் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்தார்கள். ஜெயிலுக்கு அனுப்பாமல், சில மாதம் பொதுச் சேவை செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ரேடியோவின் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டட முதலாளி ஏற்கவேண்டியதாயிற்று. பொய்ச் சாட்சி சொன்னதற்காகத் தம்பி அபராதம் கட்டினான், வேலையையும் இழந்தான், அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். குழந்தை பிறந்ததை யாரோ சொல்லித்தான் இவள் தெரிந்துகொண்டாள். நகராட்சி வந்து நடைபாதை ஓரம் நெடுகிலும் கார் ஏற முடியாதபடி இரும்புக் கம்பங்கள் நட்டது. கொஞ்ச நாளில் மதுக்கூடத்தின் வாசலுக்கு நேரே இருந்த கம்பங்கள் மட்டும் காணாமல் போயின. ஆம்புலன்ஸ் வந்து போக வழி வேண்டுமாம்.

ரேடியோவுக்குக் கால் கூடியது, ஆனால் சற்று இழுத்து நடந்தாள். டிஷ்யூ அக்காவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கேயே சமையற்கூடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பார்த்து ரேடியோவையும் இழுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ரேடியோ போனை நீட்டினாள். "பாருங்கக்கா, நம்ம தெருவுல பாதசாரி பாதுகாப்பு நடைப்பயணமாம். என்னையும் கூப்பிட்டிருக்காங்க."

"யாரு நடத்தறா?"

"நம்ம பழைய முதலாளிங்கதான்."

போகவே கூடாது என்றாள் டிஷ்யூ அக்கா. ரேடியோ கேட்கவில்லை. "என் கால வைச்சு என்ன கதை விடறாங்கன்னு நான் பாக்கணும்" என்றாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் இவளும் போனாள்.

சாயங்காலம் தெருவை அடைத்திருந்தார்கள். எல்லாருக்கும் வெள்ளை டிஷர்ட். முன்னால் ஒரு பாதத்தின் படம், பின்னால் ஒரு மதுவின் பெயர். நடைபாதையில் விளம்பரதாரர்கள் கடை போட்டிருந்ததால், நடைபாதைக்காக நடக்கிறவர்கள் எல்லாரும் ரோட்டில் நடந்தார்கள். இவர்களுடைய கார்களை எங்கே நிறுத்தியிருப்பார்கள் என்று டிஷ்யூ அக்கா எட்டிப் பார்த்தாள். பக்கத்துத் தெருவின் நடைபாதை முழுக்க நிறைந்திருந்தது. அங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா ரோட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். மேடையில் மேனேஜர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "நடப்பவர்களே இந்தத் தெருவின் உயிர்" என்றார். கைதட்டினார்கள்.

தண்ணீர்ப் புட்டி நீட்டிக்கொண்டு நின்றவர்களில் ஒருத்தி, "அக்கா!" என்றாள். வெள்ளிச் செருப்புக்காரி. இப்போது சாதாரணச் செருப்பு. முகத்தில் பூச்சு இல்லை. அவளுடைய பொதுச் சேவையில் இதுவும் ஒரு நாள் கணக்கு. ஓடிவந்து கட்டிக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது. ரேடியோவைப் பார்த்தாள், அவள் காலைப் பார்த்தாள்.

"ரொம்ப சாரிக்கா. நெஜமா, அன்னிக்கு என்ன நடந்ததுன்னே எனக்கு ஞாபகம் இல்லக்கா."

டிஷ்யூ அக்கா அவள் கையை மெல்லத் தன் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். "எனக்கு இருக்கும்மா" என்றாள். "இறங்கி வந்து பாத்துட்டு, திரும்ப ஏறிப் போனியே. அது கூடவா ஞாபகம் இல்ல?"

அந்தப் பெண் ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து ரேடியோவிடம் நீட்டினாள். ரேடியோ அதை வாங்கவில்லை. "வாங்கக்கா போலாம், பாத்தது போதும்" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் ரேடியோ மேனேஜரைப்போலப் பேசிக்காட்டி பஸ்ஸையே சிரிக்க வைத்துக்கொண்டு வந்தாள். டிஷ்யூ அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கட்டிக்கொண்ட இடத்தில் அவளுடைய வாசனை ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் குளித்தாள். போகவில்லை என்று தோன்றி மறுபடியும் குளித்தாள்.

குளித்துவிட்டு வந்தபோது கூடத்தில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. தம்பி வரவில்லை, இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறானாம். "அவருக்கு வர்றதுக்கு மூஞ்சி இல்ல அண்ணி. என்னைப் போயிட்டு வான்னார்" என்றாள். குழந்தை புது முகத்தைப் பார்த்து மிரண்டு, குடித்த பாலைக் கக்கியது. தம்பி மனைவி பதறிப்போய்த் துணி தேட, டிஷ்யூ அக்கா வெறுங்கையால் துடைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அவனை வரச் சொல்லு" என்றாள். "வந்து என்கிட்ட ஒரு தடவை உண்மையச் சொல்லட்டும். அப்புறம் சாப்பாடு போடறேன்."